கான்ட்ராக்டர் இன்டர்வியூ: எந்தக் கேள்வி வேலைக்கு ஆகும், எது ஆகாது

நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதற்கென்று வைத்திருக்கும் கேள்வித்தாளை அப்படியே தூக்கிவந்து, சில மாத ஒப்பந்தத்தில் வரும் சாஃப்ட்வேர் கான்ட்ராக்டர் முன்னால் வைப்பது நிறைய டீம்களில் நடக்கிறது. நேரம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். நான் பல வருஷம் டேட்டாபேஸ் வேலைகளுக்குக் கான்ட்ராக்டராகப் போனவன். இப்போது கான்ட்ராக்டர்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். டெக்னிக்கல் கேள்வியே வேண்டாம், பத்து நிமிஷம் பேசினாலே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு மணி நேரத்தில் நாற்பது கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பவர்களோடும் ஒத்துப்போகாது. கேள்வி கட்டாயம் வேண்டும். ஆனால் அது அந்தக் கான்ட்ராக்ட் எந்த வேலைக்காகவோ அந்த வேலையிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

நிரந்தர ஊழியரை எடுக்கும்போது, இவர் வளர்வாரா, இரண்டு வருஷம் கழித்து எங்கே நிற்பார், வேறு டீமுக்கு மாற்றினால் ஒட்டிக்கொள்வாரா என்றெல்லாம் பார்க்கிறோம். தெரியாததைக் கற்றுக்கொடுக்கவும் அவகாசம் இருக்கிறது. கான்ட்ராக்டர் கதை வேறு. மூன்று மாதமோ ஆறு மாதமோ, குறிப்பிட்ட ஒரு வேலை. முதல் நாள் காலையிலிருந்தே பில் ஏறுகிறது. அவருக்குப் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் தெரியுமா என்பதைவிட, பத்து வருஷப் பழசான, இரவில் தானாக ஓடும் நம்முடைய 'ஜாப்' புரோகிராமைக் கையில் கொடுத்தால் அதைப் பிரித்துப்போட்டுப் புரிந்துகொள்வாரா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

முதல் இரண்டு வாரத்தை எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்

கான்ட்ராக்டர்களை அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, வரப்போகிறவர் முதல் இரண்டு வாரம் என்ன செய்வார் என்று எழுதுங்கள். "பேக்எண்ட் டெவலப்மென்ட்" என்று எழுதினால் கணக்கில் சேராது. "ஆரக்கிள் டேட்டாபேஸில் இருக்கும் பேமென்ட் டேபிள்களைப் போஸ்ட்கிரஸுக்கு மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் தொகை ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும், மூன்று மணி நேரம் ஓடும் ரிப்போர்ட்டை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்" என்கிற அளவுக்கு இறங்கி எழுத வேண்டும்.

அப்படி எழுத முடியவில்லை என்றால், உங்களுக்கு எந்த மாதிரி ஆள் வேண்டும் என்று உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் நீங்கள் என்ன கேட்டாலும், வருகிற பதில் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. எழுத முடிந்துவிட்டால் கேள்விகள் அந்தத் தாளிலேயே கிடக்கும். மேலே சொன்ன மூன்று வேலைக்கும் பைனரி ட்ரீயைத் தலைகீழாக்குவது எப்படி என்ற பாடப்புத்தகக் கேள்வி எதற்கும் உதவாது. அதைக் கேட்டு ஒருவரை நிராகரித்துவிட்டு மாதக்கணக்கில் ஆள் தேடும் டீம்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு வேலை கேள்வி மாறும். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் என்றால், "டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்துவிட்டது என்று ஒரு கமாண்ட் சொல்கிறது, ஃபோல்டர்களைக் கூட்டிப் பார்த்தால் நாற்பது சதவீதம்தான் வருகிறது, மீதி எங்கே?" என்று கேளுங்கள். உண்மையில் சர்வரோடு குடும்பம் நடத்தியவர், யாரோ அழித்துவிட்ட லாக் ஃபைலை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்தே வைத்திருக்கும் என்று உடனே சொல்வார். வேறு டிஸ்க்கை இணைக்கும் இடமான மவுன்ட் பாயின்ட்டுக்கு அடியில் மறைந்துகிடக்கும் ஃபைல்களையும் சிலர் சொல்வார்கள். அவர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஐ (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வேலைக்கு வருபவரிடம் 502, 504 என்ற இரண்டு வெப் எரர் எண்களுக்கும் வித்தியாசம் கேட்பதைவிட, "வாடிக்கையாளர் சிலருக்கு 504 வருகிறது, ஆனால் அதே ஆர்டர் டேட்டாபேஸில் பதிவாகியிருக்கிறது, என்ன நடந்திருக்கும்?" என்று கேட்கலாம். பின்னால் இருக்கும் சர்வர் வேலையை முடித்திருக்கிறது, முன்னால் இருக்கும் கேட்வே அதற்குள் பொறுமை இழந்துவிட்டது என்று புரிந்தவர், வாடிக்கையாளர் மறுபடி பட்டனை அமுக்கினால் இரண்டாவது ஆர்டர் விழுமே என்ற கவலைக்குத் தானாகவே வந்துவிடுவார்.

மனப்பாடக் கேள்விகள்

டெலீட்டுக்கும் ட்ரன்கேட்டுக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியைக் கேட்காத டேட்டாபேஸ் இன்டர்வியூவே இல்லை. பதில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்று வரி வரியாக அழிக்கும், மற்றது டேபிளை மொத்தமாகக் காலி செய்யும், ஒன்றில் கண்டிஷன் கொடுக்கலாம், மற்றதில் முடியாது. நேற்று ராத்திரி படித்துவிட்டு வந்தவரும் சொல்வார், பதினைந்து வருஷம் வேலை பார்த்தவரும் சொல்வார்.

இதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, ஒரு திருகு திருகினால் போதும். "ஆரக்கிளில் ட்ரன்கேட் செய்துவிட்டு, செய்ததைத் திரும்பப் பெறும் ரோல்பேக் கொடுத்தால் என்ன ஆகும்? அதையே போஸ்ட்கிரஸில் செய்தால்?" ஆரக்கிளில் ட்ரன்கேட் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகிவிடும், போனது போனதுதான். போஸ்ட்கிரஸில் இன்னும் கமிட் செய்யாத ட்ரான்சாக்ஷனுக்குள் செய்திருந்தால் ரோல்பேக்கில் திரும்பி வந்துவிடும். மைசீக்வல் ஆரக்கிள் பக்கம், எஸ்க்யூஎல் சர்வர் போஸ்ட்கிரஸ் பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவை நகர்த்தி அனுபவப்பட்டவருக்கு இது விரல் நுனியில் இருக்கும். ஒரே டேட்டாபேஸில் காலம் தள்ளியவர், "தெரியாது, ஆனால் டெஸ்ட் டேபிளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்வேன்" என்றால் அதுவும் எனக்குச் சம்மதம். தெரியாமலே அடித்துவிடுபவர்தான் ஆபத்து. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான புரொடக்ஷனிலும் அப்படித்தான் அடித்துவிடுவார்.

சுத்தமான மனப்பாடக் கேள்விகளுக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது. ஏஜென்சி அனுப்பும் ரெஸ்யூமேக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும்போது, முதல் போன் காலில் ஐந்து நிமிஷம் சல்லடை போட அவை உதவும். அதற்கு மேல் அவற்றுக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். புதிர்க் கேள்விகளுக்கு அந்த இடமும் இல்லை. ஒரு விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற வகைக் கேள்விகளால் யார் நன்றாக வேலை செய்வார் என்று எதுவும் தெரியவில்லை என்று கூகுளில் ஆள் எடுக்கும் பிரிவுக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக் 2013-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இன்னும் கேட்கிறார்கள்.

ஒரே கேள்வி, அரை மணி நேரம்

முப்பது கேள்வியை இரண்டு இரண்டு நிமிஷம் கேட்பதைவிட, ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அடிவரை போவதுதான் என் வழி. ரிப்போர்ட்டிங் வேலைகளுக்கு வருபவர்களிடம் நான் கேட்பது இது:

"ஒருமுறைகூட ஆர்டர் கொடுக்காத வாடிக்கையாளர்களின் பட்டியல் தினமும் காலையில் ரிப்போர்ட்டாகப் போகிறது. நேற்றுவரை நாலாயிரம் வரி சுமாருக்கு வந்தது. இன்று ஒரு வரிகூட இல்லை. எரரும் இல்லை. கோட் எதுவும் மாறவில்லை. எங்கே ஆரம்பிப்பீர்கள்?"

இதற்கு உடனே பதில் சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. முதல் ஒரு நிமிஷத்தில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "கோட் மாறவில்லை என்று சொல்வது யார், எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்பார். "க்வெரியைப் பார்க்கலாமா?" என்று இன்னொருவர். "நேற்று ராத்திரி ஜாப் ஓடியதா, லாக் என்ன சொல்கிறது?" என்று மூன்றாமவர். மூன்றுமே நல்ல ஆரம்பம். "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பேன்" என்று சொல்பவரிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை, "சரி, பண்ணியாச்சு, அப்படியேதான் இருக்கு" என்று தொடர்வேன்.

க்வெரியை, அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையை, கேட்டால் காட்டுகிறேன். கஸ்டமர் டேபிளில் இருக்கும் ஐடிகளில், ஆர்டர் டேபிளின் கஸ்டமர் ஐடி வரிசையில் இல்லாதவை. 'நாட் இன்' போட்டு எழுதிய ரொம்பச் சாதாரண க்வெரி. இந்த இடத்தில் சிலர் முகம் மலர்ந்துவிடும், ஏற்கெனவே சூடுபட்டவர்கள். மற்றவர்களுக்கு ஒரு துப்பு: "நேற்று இரவு லாகின் இல்லாமலே ஆர்டர் செய்யும் வசதியை ஒரு செட்டிங்கில் ஆன் செய்தார்கள்." இப்போது ஆர்டர் டேபிளில் கஸ்டமர் ஐடி இல்லாத, அதாவது 'நல்' மதிப்புள்ள ஒரு வரி நுழைந்திருக்கிறது. அந்த ஒற்றை வரிதான் மொத்த ரிப்போர்ட்டையும் காலி செய்தது. 'நல்' என்றால் டேட்டாபேஸுக்கு 'தெரியாது' என்று பொருள். 7 என்ற எண் 1, 2, 'தெரியாது' என்ற பட்டியலில் இல்லையா என்று கேட்டால், அந்தத் 'தெரியாது' ஒருவேளை 7 ஆகவே இருக்கலாம் என்பதால் பதிலும் 'தெரியாது' என்றே வரும். கண்டிஷனில் 'ஆம்' என்று வந்த வரிகள் மட்டுமே வெளியே வரும், 'தெரியாது' வராது. அதனால் எந்த வாடிக்கையாளரும் தேறவில்லை. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டு எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதியில்தான் கான்ட்ராக்டரின் தரம் தெரியும். "சரி, மேனேஜருக்கு மதியத்துக்குள் ரிப்போர்ட் வேண்டும். என்ன செய்வீர்கள்?" க்வெரியை மாற்றி நேரடியாகப் புரொடக்ஷனில் ஏற்றுவேன் என்பார் ஒருவர். திருத்திய க்வெரியைத் தனியாக ஓட்டி இன்றைய பட்டியலைக் கொடுத்துவிட்டு, மாற்றத்தை உங்கள் ரிலீஸ் வழியாகவே அனுப்புவேன் என்பார் இன்னொருவர். "இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க?" என்று கேட்டால், கஸ்டமர் ஐடி காலியாக இருக்கக் கூடாது என்று டேபிளில் ஒரு கட்டுப்பாடு போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் லாகின் இல்லாத ஆர்டர் என்ற வசதியே அந்தக் காலி இடத்தை நம்பித்தான் ஓடுகிறது. கட்டுப்பாடு போட்ட நிமிஷம் அந்த ஆர்டர்கள் எல்லாம் விழுந்துவிடும். "இது யார் முடிவு செய்தது, அவர்களிடம் கேட்க வேண்டும்" என்று சொல்லும் ஆளுக்குத்தான் என் ஓட்டு. மூன்று மாதத்துக்கு வருகிறவர் கேட்காமல் செய்துவிட்டுப் போகிற காரியங்களை மற்றவர்கள் வருஷக்கணக்கில் சுமக்க வேண்டியிருக்கும்.

உங்கள் டீமிலேயே கடந்த ஒரு வருஷத்தில் நடந்த கோளாறுகளை எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றாவது இந்த மாதிரிக் கேள்வியாகத் தேறும். பெயர்களையும் ரகசிய விவரங்களையும் நீக்கிவிட்டு, மூன்று துப்புகளை வரிசையாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அதே துப்புகள், அதே வரிசை. எத்தனையாவது துப்பில் பிடித்தார் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் துப்பே இல்லாமல் பிடித்தவர் போன வாரம்தான் அதே கோளாறைச் சந்தித்திருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

எழுதச் சொல்வதைவிடப் படிக்கச் சொல்லுங்கள்

கான்ட்ராக்டர் வெறும் தாளில் புதிதாக எழுதுவது அபூர்வம். யாரோ எழுதி, யாரோ திருத்தி, இருவருமே கிளம்பிப்போன கோடுக்குள்தான் அவர் இறங்கப்போகிறார். அதனால் ஐம்பது அறுபது வரியில் ஒரு கோட் துண்டைத் தயார்செய்து படிக்கக் கொடுங்கள். அதில் நாலைந்து குறைகளை நீங்களே வைத்துவிடுங்கள். நான் வைப்பவை: பயனர் கொடுத்த பெயரை அப்படியே எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் கட்டளை வரியோடு ஒட்டுவது, எக்செப்ஷனை (ஓடும்போது வரும் எரரை) பிடித்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் விடுவது, பணத்தொகையை, தசமத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட்டில் வைப்பது, நேர மண்டலம் சொல்லாமல் தேதியைச் சேமிப்பது, பேமென்ட் அழைப்பு டைம்அவுட் ஆனால் எந்த அடையாள எண்ணும் இல்லாமல் திரும்பவும் அனுப்புவது.

எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த வரிசையில் சொல்கிறார் என்று பாருங்கள். வேரியபிள் பெயர் சரியில்லை, கமென்ட் இல்லை, ஃபங்ஷன் நீளம் என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு, வாடிக்கையாளரிடமிருந்து இரண்டுமுறை பணம் எடுக்கும் இடத்தைக் கடந்துபோகிறவரும் உண்டு. அவர் மோசமான ஆள் இல்லை. பேமென்ட் வேலைக்கு மட்டும் வேண்டாம்.

இதைச் செய்யும்போது அவரைத் தனியே விடுங்கள். இருபது நிமிஷம் கொடுத்து, அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு வந்து பேசுங்கள். வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 48 கணினி அறிவியல் மாணவர்களில் ஒரு பாதியைத் தேர்வாளர் முன்னால் பேசிக்கொண்டே கணக்குப் போடச் சொன்னார்கள். மறுபாதியைத் தனி அறையில் விட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் இருந்ததாலேயே செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. அவர்கள் மாணவர்கள்தான், அனுபவசாலிகளுக்கு அந்த அளவு பதற்றம் இருக்காது என்று வாதிடலாம். இருந்தாலும், தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது நம்முடைய வேலையில் எந்த நாளிலும் நடக்காத ஒன்று. அதை ஏன் சோதிக்க வேண்டும்?

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. கான்ட்ராக்டருக்கு நேரம்தான் வருமானம். ஒரு முழு நாள் பிடிக்கும் டெஸ்ட்டைச் சும்மா செய்யச் சொன்னால், கையில் வேலை இருக்கிற நல்ல ஆட்கள் விலகிவிடுவார்கள். வேறு வழியில்லாதவர்கள்தான் செய்து அனுப்புவார்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் காசு கொடுங்கள். உங்கள் நிஜமான வேலையை டெஸ்ட் என்ற பெயரில் கொடுக்காதீர்கள். எனக்கே ஒரு கிளையன்ட் அப்படிக் கொடுத்தார். "சாம்பிள்" என்று வந்த ஃபைலில் அவர்களுடைய புரொடக்ஷன் டேபிள் பெயர்கள் அப்படியே இருந்தன. திருத்தி அனுப்பினேன், அதோடு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை.

பேசுவது யார்?

இன்டர்வியூவில் ஒருவர் பேசி, வேலைக்கு இன்னொருவர் வந்து நிற்பது கான்ட்ராக்ட் உலகத்தில் பழைய வித்தை. இப்போது அதோடு, கேள்வியை ஒரு ஏஐ கருவிக்குக் கேட்கவிட்டுத் திரையில் வருவதைப் படிப்பதும் சேர்ந்திருக்கிறது. கண் எங்கே போகிறது என்று உற்றுப்பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு எப்போதுமே கண் அப்படித்தான் போகும். பதிலுக்கு முன்னால் வரும் இடைவெளியைக் கவனியுங்கள். தெரிந்தவருக்குச் சுலபமான கேள்விக்கு உடனே பதில் வரும், கஷ்டமானதற்குத் தடுமாற்றம் வரும். இரண்டுக்கும் ஒரே அளவு இடைவெளி விட்டு, இரண்டுக்கும் ஒரே மாதிரி வழவழவென்று பதில் வந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க நடுவில் கேள்வியை வளையுங்கள். மேலே சொன்ன ரிப்போர்ட் கேள்வியிலேயே, பதில் வந்ததும், "சரி, இப்போ அந்த ஆர்டர் டேபிளில் ஐம்பது கோடி வரி இருக்கு, உங்க திருத்தம் என்ன ஆகும்? கஸ்டமர் ஐடியில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். அல்லது அவர் ரெஸ்யூமேயில் உள்ள ஒரு ப்ராஜெக்ட்டுக்குள் இறங்குங்கள்: அதில் உங்கள் கை பட்ட பகுதி எது, ராத்திரி எழுப்பினார்களா, எதற்காக, யார் உங்களோடு சண்டை போட்டார்கள். வாழ்ந்தவருக்குச் சின்னச் சின்ன விவரங்கள் கொட்டும், அதில் கொஞ்சம் கோபமும் இருக்கும். இன்டர்வியூ செய்த அதே ஆள் முதல் நாள் காலையில் கான்ட்ராக்டரோடு பத்து நிமிஷம் வீடியோவில் பேசி, இன்டர்வியூவில் பேசிய விஷயத்தையே தொடர்ந்தால் ஆள்மாறாட்டம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஏஐ கருவியை உங்கள் டீமே தினமும் பயன்படுத்துகிறது என்றால் தடை போடுவதில் அர்த்தமில்லை. அந்தக் கருவி கொடுத்த ஒரு பதிலை நீங்களே காட்டி, இதில் எது தப்பு, நம்முடைய வேலைக்கு எது பொருந்தாது என்று கேளுங்கள். கருவியை நம்பி உட்கார்ந்தவருக்கு இந்தக் கேள்விதான் கஷ்டம்.

உங்களுக்கே தெரியாத விஷயத்துக்கு ஆள் எடுக்கும்போது

டீமில் யாருக்கும் தெரியாது என்பதால்தானே பல நேரம் கான்ட்ராக்டரையே தேடுகிறோம்? அப்புறம் கேள்வியை யார் கேட்பது? இணையத்தில் "டாப் 50 கேள்விகள்" என்று தேடி எடுத்து வாசிப்பவர்கள் உண்டு. பதில் சரியா என்றும் அதே பக்கத்தைப் பார்த்தே சொல்ல வேண்டிய நிலைமை. எதிரில் இருப்பவருக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

அதைவிட உண்மையைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம்: "சிஸ்டங்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. எங்கள் பிரச்சினை இது." பிறகு மூன்று விஷயம் கேளுங்கள். எனக்குப் புரிகிற மாதிரி விளக்குங்கள். எந்தச் சூழ்நிலையில் இதைப் போடவே கூடாது? போட்டால் முதல் ஆறு மாதத்தில் எது உடையும்? முதல் கேள்வியில், உங்களுக்குப் புரியாத இடத்தில் அவர் இன்னும் கடினமான சொற்களுக்குப் போகிறாரா, இல்லை இறங்கி வருகிறாரா என்று தெரியும். இரண்டாவதுதான் முக்கியம். தன் கருவியின் எல்லையைச் சொல்லத் தெரியாதவர் அதை விற்க வந்தவர். "உங்க அளவுக்கு இது தேவையே இல்லை, இருக்கிற டேட்டாபேஸிலேயே ஒரு க்யூ டேபிள் போதும்" என்று சொல்லித் தன் கான்ட்ராக்டையே கெடுத்துக்கொள்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள், வேறு வேலைக்காவது எடுங்கள். வேறு டீமில் அந்த விஷயம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அரை மணி நேரம் கடன் கேளுங்கள்.

மதிப்பெண்

கேட்பதற்கு முன்பே, எந்தப் பதிலுக்கு எத்தனை என்று எழுதிவைத்துவிடுங்கள். இரண்டு பேர் இன்டர்வியூ செய்தால், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னால் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். இல்லையென்றால் சீனியர் என்ன சொல்கிறாரோ அதுதான் இருவருடைய கருத்தும்.

இது சம்பிரதாயம் போலத் தோன்றலாம். ஆனால் பால் சாக்கெட்டும் அவரோடு மூவரும் 2022-இல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது, எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் இன்டர்வியூவுக்கும் பின்னால் வரும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). அவர்கள் எடுத்துக்கொண்ட முறைகளில் அதுதான் முதலிடம். வேலை சார்ந்த அறிவைச் சோதிப்பது 0.40. வாய்க்கு வந்ததைக் கேட்டுப் பேசிவிட்டு வரும் இன்டர்வியூ 0.19. பேசிப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும் என்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் காட்டுவேன். 0.42-ம் ஒன்றும் பிரமாதம் இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் கான்ட்ராக்டில் முதல் இரண்டு வாரத்துக்குள் இரு தரப்பும் சுருக்கமான நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்.

டெக்னிக்கல் கேள்வி எட்டாத இடம் ஒன்று உண்டு: கிளம்பும்போது எப்படிக் கிளம்புவார் என்பது. "போன கான்ட்ராக்ட் முடியும்போது என்ன எழுதிவைத்துவிட்டு வந்தீர்கள், யாரிடம் ஒப்படைத்தீர்கள்?" என்று கேட்டால் ஓரளவு தெரியும். ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்து நல்லபடியாக ஒப்படைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் டெக்னிக்கல் ரவுண்டே வேண்டாம். அவரை மறுபடி டெலீட், ட்ரன்கேட் கேட்பது அவமரியாதை.

எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு

கான்ட்ராக்டராக இதைப் படிப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்வியே அவர்களைப் பற்றிய தகவல். ரிப்போர்ட் எழுதும் வேலைக்கு எண்களை வரிசைப்படுத்தும் சார்ட்டிங் அல்காரிதம் கேட்டுக்கொண்டிருந்தால், வேலை என்ன என்று அவர்கள் இன்னும் யோசிக்கவில்லை. உள்ளே போனபின் அந்தக் குழப்பத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று ஆகும். கேள்விகள் முடிந்ததும் நீங்கள் கேளுங்கள்: முதல் இரண்டு வாரத்தில் என்ன முடிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ரெப்போ (கோட் வைத்திருக்கும் இடம்), டேட்டாபேஸ் அக்சஸ் எல்லாம் யார் வாங்கித் தருவார், எத்தனை நாள் பிடிக்கும்? இந்த வேலையை இதற்கு முன்னால் பார்த்தவர் எங்கே? கடைசிக் கேள்விக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லலாம்.

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். எப்படிக் கண்டுபிடிப்பேன், எத்தனை நேரம் ஆகும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கான்ட்ராக்டரிடம் வாங்குவதே அதைத்தான். பழைய கிளையன்ட்டின் கோளாறைக் கதையாகச் சொல்லும்போது அவர்கள் பெயரையும் டேபிள் பெயர்களையும் விட்டுவிடுங்கள். நாளைக்கு எங்கள் கதையையும் வேறு இடத்தில் சொல்வார் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போடுவார்.

ஆள் எடுப்பவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். இன்டர்வியூ முடிந்தால் மறுநாளுக்குள் ஆம், இல்லை சொல்லிவிடுங்கள். மூன்று ரவுண்ட், நாலு அப்ரூவல் என்று இரண்டு வாரம் இழுத்தால், உங்கள் கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அந்தத் தேர்வில் தேறிய ஆள் அதற்குள் வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். பதில் 'இல்லை' என்றால், எந்த இடத்தில் இடித்தது என்று ஒரு வரி எழுதி ஏஜென்சிக்கு அனுப்புங்கள். அடுத்து அனுப்பும் ஆட்கள் கொஞ்சமாவது பொருத்தமாக இருப்பார்கள்.